பேஜ்மேக்கருக்கு அப்புறம் என்ன?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மணப்பாறைப் பக்கம் டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, பிட் நோட்டீஸ், திருவிழா அழைப்பிதழ், எப்போதாவது உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் புத்தகம் என்று வேலை ஓடுகிறது. கடையில் விண்டோஸ் 7 போட்ட கணினி. அதில் பக்கம் கோக்கும் மென்பொருளான பேஜ்மேக்கர் 7, போட்டோஷாப் 7, பாமினி எழுத்துரு. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் மேட்டரை எடுத்து ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள் விழுகின்றன, அதனால் எல்லாவற்றையும் மறுபடி டைப் அடிக்கிறார். "புது சிஸ்டம் வாங்குங்க" என்கிறார் சர்வீஸ் செய்பவர். "கேன்வா போதும் மாமா" என்று இணையத்தில் ஓடும் வடிவமைப்புக் கருவியைக் காட்டுகிறான் அக்கா மகன். இதற்கு நடுவில் பல வருடங்களுக்கு முன் இவரே பக்கம் கோத்துக் கொடுத்த 160 பக்கப் புத்தகம் ஒன்று மறுபதிப்புக்கு வந்து நிற்கிறது. எதற்கு மாறுவது, அப்டேட் போடலாமா, படிக்கத் தமிழில் புத்தகம் இருக்கிறதா, ஏ.ஐ. படங்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்கிறார்.

உங்களுக்குக் கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் மென்பொருளில் ஆரம்பிக்கின்றன. எழுத்தில் ஆரம்பியுங்கள் என்பது என் பதில். பேஜ்மேக்கர் பழசு என்பது உண்மைதான். ஆல்டஸ் நிறுவனம் 1985-ல் வெளியிட்டது, 1994-ல் அந்த நிறுவனத்தையே அடோபி வாங்கியது, 7-ம் பதிப்பு வந்தது 2001-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1999-ல், அதே வேலைக்கான இன்டிசைனை இறக்கிவிட்டார்கள். அன்றைக்கே பேஜ்மேக்கரின் கதை முடிவாகிவிட்டது. ஆனால் பழைய மென்பொருள் என்பதால் மட்டும் உங்களுக்குத் தொல்லை வரவில்லை. அதில் நீங்கள் அடித்துச் சேர்த்து வைத்திருக்கும் தமிழ், கணினியின் கணக்கில் தமிழே இல்லை. அதுதான் தொல்லை.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்துவிட்டு, அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இவ்வளவுதான் கோப்புக்குள் இருப்பது. பாமினி அந்த ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. இன்னொரு பழைய எழுத்துருவுக்கு வேறு கணக்கு. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்று இரண்டு எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்து ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்த்தது. 2010-ல், ஒவ்வொரு எழுத்துக்கும் உலகம் முழுக்க ஒரே எண் என்ற யூனிகோடுதான் தரம், அச்சு வேலைக்கு டேஸ் 16 என்ற குறியீடு என்று அரசாணை வந்தது. ஆனால் டி.டி.பி. கடைகள் கைக்குப் பழகிய எழுத்துருவை விடவில்லை. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அன்றைக்குப் பேஜ்மேக்கரில் யூனிகோடு வேலை செய்யாதே. வாட்ஸ்அப்பில் வருவதோ யூனிகோடு. அதைப் பேஜ்மேக்கர் புரிந்துகொள்ளாமல் கேள்விக்குறி போடுகிறது.

ஆகவே மாற்றத்தின் முதல் வேலை, பழைய மேட்டரை யூனிகோடுக்குக் கொண்டுவருவது. இதற்கு என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கின்றன. சென்னையைச் சேர்ந்த நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்டது. பாமினி, டாப், டாம், திஸ்கி என்ற பழைய குறியீடுகள் எல்லாம் அதற்குத் தெரியும். பேஜ்மேக்கர் உங்களிடம் இன்னும் ஓடுகிறது என்பது பெரிய அதிர்ஷ்டம். ஒவ்வொரு ஸ்டோரியாக (தொடர்ந்து ஓடும் ஒரு மேட்டர்) டெக்ஸ்ட் டூலால் தொட்டு, முழுவதையும் தேர்ந்தெடுத்து, எக்ஸ்போர்ட் செய்து உரைக் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். பேஜ்மேக்கர் ஓடாத கணினி என்றால் லிப்ரே ஆபீஸ் டிராவில் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறக்கலாம், 2015-ல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அந்த வசதி உண்டு. அமைப்பு கொஞ்சம் கலைந்து வரும், ஆனால் மேட்டர் கிடைத்துவிடும். இன்டிசைனிலும் திறக்கலாம், ஆனால் சி.எஸ். 6 வரைக்கும்தான், சந்தாவுக்கு மாறிய பிறகு வந்த பதிப்புகளில் அந்தக் கதவை அடைத்துவிட்டார்கள். பலர் இது தெரியாமல் முதலில் சந்தா கட்டிவிட்டு அப்புறம் பழைய கோப்போடு முழிக்கிறார்கள்.

மாற்றிய பிறகு கட்டாயம் புரூஃப் பார்க்க வேண்டும். கருவிகள் தடுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் ஒன்றுதான். பழைய எழுத்துருக்களில் 'கௌ' அடிக்க ஒற்றைக்கொம்பு, ககரம், ளகரம் என்று மூன்று விசை தட்டினோம். 'கெள' என்று அடித்தாலும் அதே மூன்று விசைதான். கன்வர்ட்டருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? அதனால்தான் இணையத்தில் ஆயிரக்கணக்கான 'கெளரி'களும் 'மெளன'ங்களும் திரிகின்றன. பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். தேடினால் மட்டும் அகப்படாது. 'கௌரவம்', 'பௌர்ணமி', 'சௌந்தரம்' வகைச் சொற்களை ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டுத் திருத்துங்கள். 'வெள்ளம்', 'தெளிவு' போன்றவற்றைத் தொட்டுவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது. அடுத்த தொல்லை, தமிழுக்கு நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள். உரையாக எக்ஸ்போர்ட் செய்யும்போது எழுத்துரு விவரம் போய்விடும், எது பாமினி எது டைம்ஸ் ரோமன் என்ற வித்தியாசம் மறைந்துவிடும். ஒரு டாக்டரின் பட்டப்படிப்பு புரியாத தமிழ் எழுத்துக்கூட்டமாக மாறி அழைப்பிதழில் அச்சேறிய கதைகள் உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாவது, வரிகளைச் சரிக்கட்ட நீங்களே கையால் போட்ட ஹைபன்களும் வரி முறிப்புகளும். அவை உரையோடு சேர்ந்து வந்து புதுப் பக்கத்தில் சொல் நடுவே கோடாக நிற்கும்.

டைப் அடிக்கும் முறையை மாற்ற வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகளில் பாமினி விசைப்பலகை, பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை, தமிழ் 99 எல்லாம் இருக்கின்றன. விரல் பழைய இடத்திலேயே போகும், வெளியே வருவது மட்டும் யூனிகோடு. புதிதாக ஓர் ஆளை வேலைக்கு வைத்தால் அவரைத் தமிழ் 99-ல் பழக்குங்கள். உங்கள் விரலை இந்த வயதில் வம்புக்கு இழுக்க வேண்டாம்.

சரி, இனி மென்பொருள். எந்தக் கருவியானாலும் நிறுவியதும் முதல் வேலையாக 'கொக்கு', 'கோயில்', 'ஸ்ரீ' என்று மூன்று சொல் யூனிகோடில் அடித்துப் பாருங்கள். யூனிகோடில் 'கொ' என்பது ககரமும் அதற்கு அப்புறம் ஓர் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய் காலைப் பின்னால் நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும், அல்லது புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். அந்த மூன்று சொல் தேறாத கருவி எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் உங்கள் கடைக்கு ஆகாது.

இன்டிசைன் இதில் தேறிவிடும், ஆனால் சொல்லிக்கொடுக்க வேண்டும். 2012-ல் வந்த சி.எஸ். 6-லிருந்து தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளுக்கு ஆதரவு உண்டு. பாராகிராஃப் பேனலின் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து 'வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகச் செய்யாமல் பாராகிராஃப் ஸ்டைலுக்குள் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியில் ஒரு தடவை வைத்துவிட்டால் புத்தகம் முழுக்கச் சரியாகிவிடும். கேரக்டர் பேனலில் மொழியையும் தமிழ் என்று மாற்றுங்கள். போட்டோஷாப்பின் சற்றுப் பழைய சி.சி. பதிப்புகளில் பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன்' என்பதை வைத்துவிட்டுப் புதுக் கோப்பு திறக்க வேண்டும். இப்போதைய பதிப்புகளில் அதன் பெயர் வேர்ல்டு-ரெடி லேஅவுட். 'போட்டோஷாப்பில் தமிழ் உடையுது' என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு டிக்கில் தீர்ந்துவிடும். கோரல் டிராவில் எக்ஸ் 6 தொடங்கித் தமிழ் ஒழுங்காக வரும். அதற்கு முந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

காசு போடாமல் புத்தக வேலை செய்ய ஸ்கிரைபஸ் இருக்கிறது. பழைய 1.4 பதிப்பில் அது தமிழைச் சிதைத்தது. அப்போது பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் பலர். 2024 ஜனவரியில் வந்த 1.6-ல் அந்தக் குறை தீர்ந்துவிட்டது. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான மாஸ்டர் பேஜ், ஸ்டைல், அச்சின் நான்கு மை நிறங்களான சி.எம்.ஒய்.கே., அச்சகத்துக்கான பி.டி.எஃப். எல்லாம் உண்டு. பேஜ்மேக்கரில் இருந்து வருகிறவருக்கு இதன் சட்டகம் சட்டகமாக வேலை செய்யும் முறை அந்நியமாக இருக்காது. நீளமான புத்தகத்தில் கொஞ்சம் மெதுவாகும். அத்தியாயத்துக்கு ஒரு கோப்பாக வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். இன்டிசைன் அளவுக்கு வழவழப்பு இல்லை என்பதை ஒளிக்க மாட்டேன். ஆனால் மாதம் ஒரு புத்தகம்கூட வராத கடைக்கு அதற்காகச் சந்தா கட்டுவது வீண்.

படத்தைத் திருத்த, இலவசமான ஜிம்ப். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது. 2.10 வந்தது 2018-ல் என்றால் எவ்வளவு காத்திருக்க வைத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போட்ட எஃபெக்டை மறுநாள் வந்தும் திருத்தலாம் என்பது இதில் பெரிய விஷயம்; முன்பெல்லாம் போட்டது போட்டதுதான். போட்டோஷாப் கோப்புகளையும் ஓரளவு திறக்கும். அழைப்பிதழ் பார்டர், லோகோ, பூ வேலைக்கு இங்க்ஸ்கேப். தமிழ் இரண்டிலும் சுத்தமாக வரும். அபினிட்டியைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனம் செய்தது, 2024-ல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரில், படம், ஓவியம், பக்கம் என்று தனித்தனியாக இருந்த மூன்று மென்பொருளையும் ஒன்றாக்கி இலவசமாக விட்டது. அருமையான கருவிதான். ஆனால் இந்திய எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் விஷயத்தில் அபினிட்டி வெகுகாலம் பின்தங்கியே இருந்தது. ஆகவே இலவசம் என்ற உற்சாகத்தில் வேலையை ஒப்புக்கொள்ளாமல் முதலில் அந்தக் 'கொக்கு' சோதனையை வையுங்கள்.

அக்கா மகன் சொன்ன கேன்வாவையும் ஒதுக்கிவிட வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், பிறந்தநாள் வாழ்த்து, கடைத் திறப்பு விழாப் படம் இவற்றுக்கு அதைவிட வேகமான வழி இல்லை. தமிழ் எழுத்துருக்களும் இருக்கின்றன. ஆஃப்செட் அச்சுக்குப் போகும் வேலை என்றால் மட்டும் யோசிக்க வேண்டும். சி.எம்.ஒய்.கே.யில் பி.டி.எஃப். எடுக்கும் வசதி அதன் கட்டணப் பதிப்பில்தான். 160 பக்கப் புத்தகத்தை அதில் கோக்கலாம் என்று பையன் சொன்னால் ஒரு அத்தியாயம் கோத்துக் காட்டச் சொல்லுங்கள். அடிக்குறிப்பு வரும் பக்கத்தில் அவனே வந்து நிற்பான்.

சி.எம்.ஒய்.கே. என்று வந்ததால் கறுப்பு மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இங்க்ஸ்கேப், ஜிம்ப் போன்றவை அடிப்படையில் திரைக்கான ஆர்.ஜி.பி. நிறத்தில் வேலை செய்பவை. அதில் நீங்கள் வைத்த கறுப்பு எழுத்து, அச்சகத்தில் சி.எம்.ஒய்.கே.யாக மாற்றப்படும்போது வெறும் கறுப்பாக இல்லாமல் நான்கு நிறக் கலவையாகப் பிரிந்து, நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுத் தட்டிலும் (பிளேட்) உட்காரும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், பொடி எழுத்துகளின் ஓரத்தில் நீலமும் சிவப்பும் நிழல் தட்டும். மாப்பிள்ளையின் பெயரில் நிழல் தட்டினால் மிஷின்காரரை யாரும் திட்ட மாட்டார்கள், உங்களிடம்தான் வருவார்கள். ஆகவே படத்தை ஜிம்பில் செய்யுங்கள், பார்டரை இங்க்ஸ்கேப்பில் செய்யுங்கள், எழுத்தை மட்டும் ஸ்கிரைபஸிலோ இன்டிசைனிலோ கறுப்பு 100, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வையுங்கள். பிளேட் போடும் முன் பிரிவுகளைத் தனித்தனியாகத் திரையில் பார்க்கும் வசதி இரண்டிலும் இருக்கிறது. சயான் தட்டில் எழுத்து தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

எழுத்துரு பஞ்சம் இப்போது இல்லை. முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, அனெக் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்குப் பாலூ தம்பி, கையெழுத்துச் சாயலுக்குக் கவிவனார் எல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், வணிக அச்சுக்கும் தடையில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் தரும் மருதம் வரிசை அரசு அலுவலக வேலைகளுக்குத் தேவைப்படும். புத்தக உடலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எனக்குப் பிடிக்கும். தனியார் எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்கினாலும் தப்பில்லை, நல்ல எழுத்துரு செய்வது வருடக்கணக்கான வேலை. ஒன்று கவனியுங்கள். யூனிகோடு எழுத்துருக்களில் மேல்கீழ் இடம் தாராளமாக விட்டிருப்பார்கள், லீடிங்கை (வரிக்கு வரி உள்ள இடைவெளி) 'ஆட்டோ'வில் விட்டால் பக்கம் வெளிறிப்போகும். 11 பாயிண்டுக்கு 15 அல்லது 15.5 என்று நீங்களே வையுங்கள்.

உங்கள் மறுபதிப்பு வேலையில் இது நேரே பணத்தைத் தொடும். 160 பக்கம் என்றால், ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் 16 பக்கத் தொகுதியான ஃபாரம் சரியாகப் பத்து. பாமினி இறுக்கமான எழுத்துரு; புது எழுத்துருவில் அதே மேட்டர் 170 பக்கத்துக்கு ஓடினால் பதினோராவது ஃபாரம் வந்துவிடும், தாளும் பிளேட்டும் பைண்டிங்கும் கூடும். விலை சொல்வதற்கு முன் ஓர் அத்தியாயத்தை மாற்றிக் கோத்துப் பாருங்கள். எழுத்தை அரைப் பாயிண்ட் குறைப்பதா, மார்ஜினைத் தொடுவதா என்று முடிவு பண்ணிவிட்டு எழுத்தாளரிடம் பேசுங்கள். பழைய பக்க எண்கள் மாறும் என்பதையும் சொல்லிவிடுங்கள், பொருளடக்கத்தை மட்டும் பழையபடி விட்டுவிட்டுப் பின்னால் சண்டை போட்டவர்கள் உண்டு.

அடுத்து அப்டேட். போடலாமா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. இரண்டு விதமான அப்டேட் இருக்கிறது, இரண்டுக்கும் நேர்மாறான நடைமுறை வேண்டும். பாதுகாப்பு அப்டேட் என்றால் உடனே. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள், அதிலும் பெரும்பாலும் விண்டோஸ் 7 கணினிகள். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே சர்வீஸ்காரர் சொன்னதில் பாதி நியாயம். வாங்குவதாக இருந்தால் விண்டோஸ் 11-க்குத் தகுதியான கணினி, 16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. என்று கேளுங்கள். விலை மலிவு என்று இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செகண்ட் ஹேண்ட் கணினியைத் தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம், விண்டோஸ் 11 அதை முறைப்படி ஏற்காது. பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்க மட்டும் ஒரு மூலையில் இருக்கட்டும். வாடிக்கையாளர்களின் பென்டிரைவை அதில் செருகவே கூடாது.

இன்னொரு வகை, மென்பொருளின் புதுப் பதிப்பு. இதில் அவசரமே வேண்டாம். முகூர்த்த மாதத்திலும் காலண்டர் சீசனிலும் எந்தப் புதுப் பதிப்பையும் தொடாதீர்கள். இன்டிசைன் புதுப் பதிப்பில் சேமித்த கோப்பு பழையதில் திறக்காது; பழைய பதிப்பும் படிக்கும் ஐ.டி.எம்.எல். வடிவில் தனியாக எடுத்தால்தான் உண்டு. உங்கள் அச்சகத்தில் என்ன பதிப்பு என்று கேட்காமல் நீங்கள் மட்டும் ஏறிவிட்டால் தகராறுதான். இங்க்ஸ்கேப் 2017-ல் 0.92 பதிப்பில் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற கணக்கை 96 என்று மாற்றியது. அளவு பார்த்துச் செய்த பழைய கோப்புகளைத் திறந்தபோது இது சரிதானா என்று கேட்டுக்கொண்டு நின்றது. ஜிம்ப் 3.0 வந்ததும் 2.10-க்காக எழுதிய பழைய பிளக்-இன்கள் திருத்தி எழுதாமல் ஓடவில்லை. அடோபி 2023 ஜனவரியோடு டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களை முழுவதுமாகக் கைவிட்டது. உங்கள் ஃபாண்ட் ஃபோல்டரில் பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்று முடியும் ஜோடிக் கோப்புகள் இருந்தால் அவை அந்த வகைதான், புது இன்டிசைனில் அவை கண்ணிலேயே படாது. இதெல்லாம் வெளியீட்டுக் குறிப்பில் எழுதித்தான் இருக்கும். 'நெக்ஸ்ட்' அழுத்தும் அவசரத்தில் நாம்தான் படிப்பதில்லை.

பாதுகாப்பு மென்பொருளே அப்டேட்டில் சறுக்கியதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. இந்தியாவில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இதைக் காட்டி அப்டேட்டே வேண்டாம் என்று வாதம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது, நடக்கும் வேலைகளின் நகல் வேறொரு வட்டில் இருக்க வேண்டும். ராத்திரி கடை அடைக்கும் முன் அன்றைய ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துவிட்டு அதைக் கழற்றி வையுங்கள். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் சேர்த்தே பூட்டும்.

தரவிறக்கும்போது தேடலில் மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்காதீர்கள். 2022-ல் ஜிம்பின் பெயரிலேயே கூகுளில் போலி விளம்பரம் போட்டு, அசல் மாதிரியே இருந்த தளத்துக்கு இழுத்துக் கடவுச்சொல் திருடும் நிரலைக் கொடுத்தார்கள். 'கிராக்' போட்ட போட்டோஷாப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வங்கி வேலையும் அதே கணினியில்தானே பார்க்கிறீர்கள்?

புத்தகத்துக்கு வருவோம். சென்னை ரிச்சி தெருப் பக்கமும் பழைய புத்தகக் கடைகளிலும் '30 நாளில்' வகைக் கணினிப் புத்தகங்கள் குவிந்து கிடக்கும். எந்த மெனு, எந்தப் பட்டன் என்று சொல்லும் புத்தகத்தின் ஆயுள் அந்தப் பதிப்பின் ஆயுள்தான். 2019-ல் புதுப் பாடத்திட்டத்தில் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில்கூடப் பேஜ்மேக்கருக்கு ஒரு பாடம் இருந்தது, அதாவது 2001-ல் நின்றுபோன மென்பொருளுக்கு. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மாஸ்டர் பேஜ், ஸ்டைல், படத்தைச் சுற்றி எழுத்தை ஓடவிடும் டெக்ஸ்ட் ரேப் என்ற கருத்துகளைத் தமிழில் அவ்வளவு பொறுமையாக விளக்கிய பக்கங்கள் குறைவு. கடைக்கு வரும் புதுப் பையனுக்கு அதையே கொடுத்துப் படிக்கச் சொல்லலாம், இலவச பி.டி.எஃப். ஆகவும் கிடைக்கும். கருத்து அங்கே, பட்டன் ஸ்கிரைபஸில்.

கட்டற்ற மென்பொருள் பக்கம் தமிழில் எழுதுகிறவர்களில் கணியம் குழுவினர் முக்கியமானவர்கள். 2012-ல் மின்னிதழாகத் தொடங்கினார்கள். 'எளிய தமிழில்' என்று தொடங்கும் அவர்களுடைய மின்னூல் வரிசை லினக்ஸ், தரவுதளம், இணையப்பக்கம் என்று நீள்கிறது, எல்லாம் இலவசம். நீங்கள் பக்க வடிவமைப்புக்கு மட்டும் தேடினால் அந்த வரிசை நேரடியாக உதவாது; பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டிப்பார்க்கும் ஆசை வந்தால் அங்கே ஆரம்பிக்கலாம். ஸ்கிரைபஸ், ஜிம்ப், இங்க்ஸ்கேப் மூன்றும் லினக்ஸிலும் ஓடும்.

வடிவமைப்பு என்றால் மென்பொருள் பெயரே அட்டையில் இல்லாத புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள். ஆங்கிலம் கொஞ்சம் வருமென்றால் ராபின் வில்லியம்ஸ் எழுதிய 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்' ஒன்று போதும். 1994-ல் முதலில் வந்தது. வேறுபாடு காட்டு, திரும்பச் செய், ஒரு கோட்டில் நிறுத்து, சேர்ந்தவற்றைச் சேர்த்து வை என்ற நான்கே நான்கு விஷயத்தைத்தான் புத்தகம் முழுக்கச் சொல்கிறது. நம்மூர்ப் பத்திரிகைகளில் ஐந்து எழுத்துரு, நாலு நிறம், பக்கத்தின் நடுவே எல்லாம் சென்டர் அலைன்மென்ட் என்று நெரிவதைப் பார்க்கும்போது அந்த நாலில் மூன்றாவதை மட்டுமாவது பின்பற்றினால் நன்றாயிருக்குமே என்று எனக்குத் தோன்றும். தமிழ்ப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பழைய ஈயஎழுத்து அச்சுப் புத்தகங்களைப் புரட்டுங்கள். அந்த மார்ஜினும் வரி இடைவெளியும் இன்றைக்கும் பாடம். மற்றபடி பட்டன் தெரியாமல் முழித்தால் அந்தந்த மென்பொருளின் கையேடே புதுசாகவும் சரியாகவும் இருக்கும்.

ஏ.ஐ. படங்களைப் பற்றிக் கேள்வியின் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். பின்னணி நீட்டுவது, தேவையில்லாத கம்பத்தை அழிப்பது, பழைய போட்டோவின் கீறலை நிரப்புவது ஆகியவற்றுக்கு நேரம் மிச்சமாகும். தமிழ் எழுத்தைப் படத்துக்குள் அதை எழுத விடாதீர்கள். தூரத்திலிருந்து தமிழ் மாதிரியே இருக்கும், கிட்டப் போனால் எழுத்துப் பிழை இருக்கலாம். படத்தை அதனிடம் வாங்கி, எழுத்தை நீங்கள் வையுங்கள்.

எல்லாம் பார்த்துவிட்டு அடோபிதான் வேண்டும் என்று முடிவானால், சந்தாவில் 'ஆண்டுத் திட்டம், மாதத் தவணை' என்பதைக் கவனித்துப் பாருங்கள். மாதச் சந்தா மாதிரியே தெரியும், ஆனால் அது ஒரு வருட ஒப்பந்தம். 14 நாள் தாண்டி ரத்து செய்தால் மீதமுள்ள மாதங்களின் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்த நிபந்தனையைச் சரியாகக் கண்ணில் படும்படி சொல்லவில்லை என்றுதான் 2024 ஜூனில் அமெரிக்க அரசு அவர்கள் மேல் வழக்கே போட்டது. உங்களுக்குப் புத்தக வேலை விட்டுவிட்டுத்தான் வருகிறது. ஆகவே ஒரு வேலை கையில் வந்தபிறகு, உண்மையான மாதத் திட்டத்தை, விலை கூடுதலாக இருந்தாலும், அந்த மாதத்துக்கு மட்டும் எடுத்து முடித்துவிட்டு நிறுத்துங்கள். நிறுத்துவதற்கு முன் கோப்புகளை ஐ.டி.எம்.எல். ஆகவும் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை எழுத்தாளரிடம் சொல்லும் விலையிலேயே சேர்த்துவிடலாம்.